மைதானத்தில் விழுந்தால் முதலில் ஓடி வருவது யார்? ‘அத்லெடிக் ட்ரெய்னர்’ ஆக என்ன படிக்கணும்... தோணிரேவு மாணவர்களுக்கு வழி இருக்கா?

2023 ஜனவரி 2. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அமெரிக்கன் ஃபுட்பால் போட்டி நடந்துகொண்டிருந்தது. எதிரணி வீரரை மடக்கிய டமார் ஹாம்லின் எழுந்து நின்றார். அடுத்த நொடியே மல்லாந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது.

டிவியில் பார்த்தவர்கள் டாக்டர்தான் காப்பாற்றினார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மைதானத்திலேயே அவர் நெஞ்சை அழுத்தி சிபிஆர் கொடுத்தவர் டென்னி கெல்லிங்டன். பஃபலோ பில்ஸ் அணியின் உதவி அத்லெடிக் ட்ரெய்னர். ஹாம்லின் பிழைத்தார். அதே ஆண்டு மறுபடியும் ஆட வந்தார்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2022 ஜூலையில் கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே நடந்த கபடிப் போட்டியில், ரெய்டு போன இளம் வீரர் ஒருவர் ஆடுகளத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனார். அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். ஒரு மரணத்தை இன்னொருவர் பிழைத்ததோடு ஒப்பிட்டு, ஆள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்கலாம். நம் ஊர்த் திருவிழாப் போட்டிகளில் மைக்செட்டுக்கு ஆள் இருக்கிறார், ஸ்கோர் போர்டுக்கு ஆள் இருக்கிறார், கோப்பை கொடுக்க நாலு பேர் மேடையில் இருக்கிறார்கள். விழுந்தவனைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் எங்கே?

அந்த ஆளாக ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் தோணிரேவு போன்ற மீனவ ஊரில் இருந்து படிக்க நினைக்கும் ஒரு மாணவியை மனதில் வைத்தே எழுதுகிறோம்.

ஜிம் ட்ரெய்னரும் இவரும் ஒன்றா?

இல்லவே இல்லை. குழப்பம் எல்லாம் பேரில்தான்.

ஜிம்மில் வெயிட் தூக்கச் சொல்லிக்கொடுப்பவர் பெர்சனல் ட்ரெய்னர். ஆட்ட நுணுக்கம் கற்றுக்கொடுப்பவர் கோச். நம் கிரிக்கெட் அணிகளில் ‘ட்ரெய்னர்’ என்று சொன்னால் பெரும்பாலும் உடல்தகுதிப் பயிற்சியாளரைத்தான் சொல்கிறோம். 2011 உலகக்கோப்பை வென்ற இந்திய அணியோடு வேலை பார்த்த சென்னைக்காரர் ராம்ஜி ஸ்ரீனிவாசன், பிறகு வந்த இன்னொரு சென்னைக்காரர் சங்கர் பாசு, இருவரும் அந்த வகை. விக்கெட் கீப்பர் விரலில் அடிபட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாரே, அவர் பிசியோ.

அமெரிக்காவில் ‘அத்லெடிக் ட்ரெய்னர்’ என்பவர் முழுக்க முழுக்க மருத்துவப் பணியாளர். 1950-ல் இவர்களுக்கு தேசிய சங்கம் உருவானது. 1990-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது. அடிபடாமல் தடுப்பது, அடிபட்டால் என்ன காயம் என்று அங்கேயே கண்டுபிடிப்பது, அவசர சிகிச்சை, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவருவது எல்லாம் இவர் வேலை. அங்கே பல பள்ளிக்கூடங்களில்கூட ஒரு அத்லெடிக் ட்ரெய்னர் இருப்பார்.

இதில் ரொம்ப முக்கியமான வேலை ஒன்று உண்டு. “நீ இன்னிக்கு ஆடக்கூடாது” என்று சொல்வது. கோச்சுக்கு ஜெயிக்கணும், ஸ்பான்சருக்கு ஆட்டம் நடக்கணும், வீரருக்கே உட்கார மனசு வராது. “பரவால்ல சார், டேப் சுத்தி விடுங்க, ஆடிடறேன்” என்பான் பையன். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு படிப்பும் ஒரு லைசென்ஸும் கொடுக்கின்றன. நம் ஊரில் இல்லாதது டேப் இல்லை, இந்த அதிகாரம்தான்.

ஐஸ் இருக்கு... ஆனா?

இந்தப் படிப்பு என்னதான் சொல்லிக்கொடுக்கிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம்.

மே மாத வெயில். கடற்கரை மணலில் மத்தியானம் வாலிபால் நடக்கிறது. ஒரு பையன் தடுமாறுகிறான், பேச்சு குளறுகிறது, சம்பந்தம் இல்லாமல் கோபப்படுகிறான், விழுகிறான். நம்ம வழக்கம் என்ன? சுற்றிக் கூட்டம் கூடும், முகத்தில் சோடா தெளிப்பார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பொன்னேரிக்குப் பறப்பார்கள்.

இது ஹீட் ஸ்ட்ரோக்காக இருந்தால், உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அத்லெடிக் ட்ரெய்னர்களுக்குப் பாடமாகவே இருக்கும் விதி: முதலில் குளிர வை, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, தலை மட்டும் வெளியே தெரியக் கழுத்துவரை அமிழ்த்தி, பின்னால் இருந்து ஒருவர் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். விழுந்து அரை மணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். அது இறங்கியதா என்று பார்க்க நெற்றியில் கை வைத்தால் போதாது, ஆசனவாய் வழியாக அளக்கும் தெர்மாமீட்டர் வேண்டும். சுமார் 39 டிகிரிக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். சுயநினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

அமெரிக்காவில் 2001-ல் கோரி ஸ்ட்ரிங்கர் என்ற பிரபல வீரர் பயிற்சி முகாமில் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்த பிறகுதான் அங்கேயே இதைப் பற்றிப் பெரிய விழிப்புணர்வு வந்தது.

இப்போ யோசித்துப் பாருங்கள். வேறு எந்த ஊரில் ஐஸுக்கு அலைய வேண்டியிருந்தாலும், மீன் ஏறி இறங்கும் கரையில் அலைய வேண்டாம். பெட்டி பெட்டியாக ஐஸ் இருக்கும், தண்ணீர் இருக்கும், பெரிய டப்பும் இருக்கும். “அண்ணே, அந்த ஐஸைக் கொட்டுங்க” என்று சரியான நேரத்தில் சொல்லத் தெரிந்த ஆள் ஒருவர்தான் பாக்கி.

பாதி பேர் இங்கே இன்னொரு தவறும் செய்கிறார்கள். கணுக்கால் பிசகினால் சூட்டோடு சூடாக எண்ணெய் போட்டுச் சுளுக்கு எடுப்பது, கை வீங்கினால் எக்ஸ்ரே இல்லாமலே புத்தூர் கட்டுக்குக் கிளம்புவது. எலும்பு உடைந்திருக்கிறதா, லிகமென்ட் கிழிந்திருக்கிறதா என்று தெரியாமல் உருவிவிட்டால் ஆறு வாரத்தில் ஆற வேண்டியது ஆறு மாதம் ஆகும். எந்த இடத்தை எப்படி அழுத்திப் பார்த்தால் எக்ஸ்ரே தேவையா என்று தெரியும் என்பதும் இந்தப் படிப்பில் வரும் பாடம்தான்.

அமெரிக்க சான்றிதழ்: இங்கிருந்தே எழுத முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் ‘இன்டர்நேஷனல் சர்டிஃபைடு’ என்று போர்டு மாட்டிக்கொண்டு காசு வாங்குபவர்கள் நிறைய.

‘சர்டிஃபைடு அத்லெடிக் ட்ரெய்னர்’, சுருக்கமாக ஏ.டி.சி. இந்தப் பட்டத்தைக் கொடுப்பது பி.ஓ.சி என்ற அமெரிக்கச் சான்றளிப்பு வாரியம். அதன் தேர்வை எழுத, சி.ஏ.ஏ.டி.இ என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். முன்பு இளநிலைப் பட்டமே போதும். 2022-க்குப் பிறகு இளநிலையில் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டு, முதுநிலைப் படிப்பு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. பொதுவாக இரண்டு ஆண்டு. அதில் சேர, டிகிரியில் உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் படித்திருக்க வேண்டும். தேர்வில் பாஸ் ஆனாலும் அந்தந்த மாநில லைசென்ஸ் தனி. கலிஃபோர்னியா தவிர மற்ற எல்லா மாநிலங்களும் இந்தத் தொழிலைச் சட்டப்படி ஒழுங்குபடுத்துகின்றன. அதற்கப்புறமும் விட்டபாடில்லை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 50 மணி நேர அளவுக்குத் தொடர்கல்வி காட்ட வேண்டும்.

இந்தியாவில் பிசியோதெரபி படித்துவிட்டு நேராகப் போய் இந்தத் தேர்வை எழுத முடியாது. கனடா, அயர்லாந்தில் இதே துறையில் தகுதி பெற்றவர்களுக்குப் பரஸ்பர ஏற்பாடு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. ஆக, இங்கே ஒரு டிகிரி, அங்கே போய் இரண்டு ஆண்டு முதுநிலை. செலவு லட்சங்களில், அதுவும் பல பத்து லட்சங்களில். உதவித்தொகையோ, பல்கலைக்கழகத்தில் வேலையோடு சேர்ந்த இடமோ கிடைக்காமல் வீட்டை அடமானம் வைத்துப் போகிற படிப்பு இது இல்லை என்பது எங்கள் கருத்து.

அப்போ தமிழ்நாட்டில் எந்த வழி?

இந்தியாவில் ‘அத்லெடிக் ட்ரெய்னர்’ என்று தனி லைசென்ஸ் கிடையாது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார், அத்லெடிக் ட்ரெய்னர் என்ற பெயர் இல்லை. அதனால் மைதானத்தில் அடிபட்டவரைத் தொட்டு சிகிச்சை கொடுக்கும் வேலைக்கு இங்கே இருக்கும் நேரான கதவு பி.பி.டி, அதாவது பிசியோதெரபி டிகிரிதான். நான்கு ஆண்டு படிப்போடு ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் என்று இருந்தது, புதிய தேசியப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்து ஆண்டு. அதற்குப் பிறகு எம்.பி.டி-யில் விளையாட்டுப் பிரிவை எடுத்து இரண்டு ஆண்டு.

கணக்குப் போட்டால் ப்ளஸ் டூ முடித்து ஏழு வருஷம். நீளம்தான். மீன்பிடித் தொழிலில் இருக்கும் குடும்பத்துக்கு ஏழு வருஷம் ஒரு பிள்ளையின் கையை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஐந்தாவது வருஷத்திலேயே பி.பி.டி-யோடு வேலைக்குப் போய், சம்பாதித்துக்கொண்டே எம்.பி.டி-க்குத் தயாராகிறவர்களும் இருக்கிறார்கள்.

சென்னை கே.கே.நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், திருச்சி அரசு பிசியோதெரபி கல்லூரி ஆகியவை அரசு தரப்பில் முக்கியமானவை. தனியார் கல்லூரிகள் நிறைய, பெரும்பாலானவை 1988 முதல் இயங்கும் டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பாருங்கள். இடங்கள் கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படையாக இருந்து வந்தது, நீட் தேர்வை இதிலும் கொண்டுவரும் பேச்சு இருப்பதால் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒரு வரி விடாமல் படித்துவிடுங்கள்.

சிகிச்சை வேண்டாம், உடல்தகுதி, ஆட்ட அறிவியல் பக்கம் போகிறேன் என்பவர்களுக்கு வேறு வழி. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் மையமும் அதில் பி.எஸ்சி படிப்பும் இருக்கின்றன. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ உடற்கல்வியியல் கல்லூரி நந்தனத்தில் நூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது. கோச் ஆக வேண்டுமென்றால் பஞ்சாப் பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவுக்குத்தான் மதிப்பு. இவை எல்லாம் நல்ல படிப்புகள். ஆனால் பி.டி ஆசிரியர் வேலை வேறு, கிழிந்த லிகமென்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை வேறு. பி.பி.எட் படித்துவிட்டு பிசியோ பையைத் தூக்க முடியாது.

ஆறு வார, மூன்று மாத ஃபிட்னஸ் சான்றிதழ்களும் அப்படித்தான். ஜிம் வேலைக்கு உதவும். சிகிச்சை கொடுக்கும் உரிமையைத் தராது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நடக்கும் தப்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டணும்னா, இதைப் படியுங்கள்.

பி.பி.டி-யில் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அதாவது கதவு திறப்பதும் மூடுவதும் பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் அன்றைக்கே. விளையாட்டில் கெட்டியாக இருக்கும் பிள்ளைகளிடம் “நீதான் விளையாடப் போறியே, உனக்கு எதுக்குமா சயின்ஸு, ஈஸியான குரூப் எடுத்துக்கோ” என்று அன்போடுதான் சொல்கிறார்கள். அந்த அன்பு இரண்டு வருஷம் கழித்து உதைக்கும். மாவட்ட அளவில் கபடி ஆடிய பெண், கணிதமும் உயிரியலும் இல்லாத குரூப்பில் தொண்ணூறு சதவீதம் எடுத்திருந்தாலும் பிசியோதெரபி விண்ணப்பத்தில் முதல் கட்டத்தைத் தாண்ட முடியாது. உயிரியல்-கணிதம் குரூப்போ, தாவரவியல்-விலங்கியல் இருக்கும் குரூப்போ எதுவானாலும் சரி, உயிரியல் இருக்கணும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஹாஸ்டல் செலவு முழுவதையும் அது தாங்காது, ஆனால் பொன்னேரியில் ரயில் ஏறி இறங்கும் செலவுக்கு ஆகும்.

வேலை கிடைக்குமா?

மிகைப்படுத்தாமல் சொல்கிறோம். ஐ.பி.எல் 2008-ல் வந்தது, புரோ கபடியும் ஐ.எஸ்.எல் கால்பந்தும் 2014-ல் வந்தன, டி.என்.பி.எல் 2016-ல், தமிழ் தலைவாஸ் 2017-ல். ஒவ்வொரு அணிக்கும் பிசியோ வேண்டும். ஆனால் ஒரு அணிக்கு ஒருவர், இருவர்தான். சீசன் சில மாதங்கள்தான். பிசியோதெரபி படித்தவர்களில் பெரும்பாலானோர் முதுகுவலி, பக்கவாதம், மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடித்தவர்களைத்தான் பார்க்கிறார்கள். அது குறைந்த வேலை இல்லை. பழவேற்காடு பக்கத்திலேயே யோசித்தால், வலை இழுத்துத் தோள் போனவர்கள், மணிக்கணக்கில் குனிந்து இறால் பிடித்து இடுப்பு போன பெண்கள் எத்தனை பேர்? விளையாட்டு வீரரின் தோளுக்குக் கொடுக்கும் அதே பயிற்சிதான் வலை இழுப்பவர் தோளுக்கும்.

மைதானத்தில்தான் நிற்பேன் என்பவர்கள் கல்லூரிக் காலத்திலேயே மாவட்டப் போட்டிகள், முதலமைச்சர் கோப்பை போன்ற இடங்களில் தன்னார்வலராக நின்று அனுபவம் சேர்க்க வேண்டும். வேலை கொடுப்பவர் மார்க் ஷீட்டோடு எத்தனை ஆட்டங்களில் நின்றாய் என்றும் கேட்பார்.

ஏழு வருஷம் காத்திருக்க முடியாதவர்களுக்கு

படித்த ஆள் வரும்வரை போட்டிகள் நிற்கப் போவதில்லை. அதனால் உள்ளூர் விளையாட்டு மன்றம் இந்தப் பொங்கலுக்கே செய்யக்கூடியது சில உண்டு.

இந்திய செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. மன்றத்தில் இரண்டு பேர், முடிந்தால் ஒரு ஆண் ஒரு பெண், போய்ப் படித்து வரலாம். மூச்சு பேச்சு இல்லாமல் விழுந்தால் 108-க்கு ஒருவர் போன் போட, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கையில் சாவி கொடுத்துப் பார்க்கும் நேரம் இது இல்லை. நின்றுபோன இதயத்துக்கு சிபிஆரும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. தலையில் அடிபட்டு ஒரு நொடி மயங்கியவனோ, ஸ்கோர் என்ன என்று கேட்டால் முழிப்பவனோ அன்றைக்கு மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் நாலு பேர் தூக்கி ஓரமாகப் போடுவது ஆபத்து, அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

அத்லெடிக் ட்ரெய்னர்கள் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு அவசரத் திட்டத்தை எழுதி வைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் தேவையில்லை. போன் போடுவது யார், ஆம்புலன்ஸ் எந்தப் பாதையில் மணலில் சிக்காமல் வரும், ரோட்டில் நின்று வழிகாட்டுவது யார், ஐஸ் எந்த வீட்டில், டப் எந்த வீட்டில், பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையமா, பொன்னேரி அரசு மருத்துவமனையா, நேராகச் சென்னை ஸ்டான்லியா. போட்டி நோட்டீஸ் அடிக்கும்போது, ‘அனைவரும் வருக’ என்பதற்குக் கீழே இதையும் அடித்துவிடலாம். பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது.